மணல்மேசையின் மறுகரை

1957 நவம்பர் 16, சனிக்கிழமை. போரில் மாண்டவர்களுக்கான நினைவு ஞாயிற்றுக்கு முந்தைய நாள். செல்லெ நகரில், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் எகோன் ட்ரோஸ்டெனின் வீட்டு நிலவறையில் இருந்த, போர்க்களத்தை மணலில் அமைத்துக் காட்டும் மணல்மேசை பிற்பகல் நான்கு மணிக்கு ஈரமாக இருந்தது. அதில் எவரும் தண்ணீர் ஊற்றவில்லை.

உருளைக்கிழங்கு எடுக்க இறங்கிய அவர் மனைவி ஓட்டிலி, கூடையை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டாள். மேசையின் குறுக்கே நீலம் பூசிய கண்ணாடித் துண்டு ஒன்று ஆறாகக் கிடந்தது. அதன் மேல் குச்சிகளால் கட்டிய பாலம். மறுநாள் பழைய படைத்தோழர்களுக்கு முன்னால், கடந்த உலகப்போரில் ரஷ்யாவிலிருந்து தம் படை பின்வாங்கிய கதையை எகோன் இந்த மேசையைக் கொண்டு விளக்கவிருந்தார். அதன் பின்னர், 'பாலத்தைக் கடைசியாகக் கடந்த தளபதி' என்று பொறித்த நினைவுக்கல்லொன்று திறக்கப்படும். அதற்காக ஈயத்தில் வார்த்த பொம்மை வீரர்கள் அனைவரையும் அவர் காலையிலேயே இக்கரையில் நிறுத்தியிருந்தார். இப்போது மூன்றாம் படைப்பிரிவு மட்டும் மறுகரையில் நின்றது.

அவளுடைய தம்பி யோஹென் இருந்த பிரிவு அது. அவன் திரும்பவில்லை.

"கிழங்கு எடுக்க வந்தியா, போர் நடத்த வந்தியா?" என்றார் படியிலிருந்து எகோன்.

"நான் தொடவே இல்ல, எகோன்."

"அப்போ ஈயத்துக்குக் கால் முளைச்சிடுச்சாக்கும்."

அவர் வீரர்களை ஒவ்வொருவராக இக்கரைக்கு மாற்றினார். அவருடைய விரல்களை அவள் கவனித்தாள். இருபது வயதில் வெர்டன் போர்க்களத்தில் இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்ற விரல்கள். பின்னாளில் ஒரு பெரும்படையை நடத்தி, பின்வாங்கிய வழியெங்கும் ஊர்களைக் கொளுத்தும் ஆணையில் கையெழுத்திட்ட விரல்கள். அந்த ஊர்கள் மேசையில் இல்லை. சிறையிலிருந்து திரும்பி, ஓய்வூதியமும் பெற்று, ரொட்டியின் ஓரம்வரை வெண்ணெயைச் சீராகத் தடவியபடி, "நாங்க வெறும் சிப்பாய்கள்தானே" என்று விருந்தினரிடம் சொல்ல அவர் பழகியிருந்தார்.

மேலே காப்பி ஆறிக்கொண்டிருந்தபோது, தரைப்பலகைக்கு அடியிலிருந்து, உறைந்த பனியைப் பல நூறு கால்கள் ஒருசேர மிதிப்பதைப் போன்ற நொறுங்கல் ஒலி மெல்ல எழுந்து அடங்க, அதைத் தொடர்ந்து நனைந்த கம்பளியின் நாற்றமும், அதனினும் மோசமாக, எரிந்த கூரை வைக்கோலின் நாற்றமும் அடுக்களைக்குள் பரவின. எகோன் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

இருவரும் இறங்கினார்கள். மூன்றாம் படைப்பிரிவு மீண்டும் மறுகரையில். ஆற்றின்மேல் மெய்யான பனிக்கட்டி.

"உங்க ஆளுங்க பாலத்தை வெடி வச்சுத் தகர்த்தப்போ அக்கரையில யாருமே இல்லன்னு சொன்னீங்களே."

"அப்படித்தான் தகவல் வந்துச்சு."

"யார் சொன்னா? நீங்கதானே கடைசியா வந்தீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "நான் கார்ல முன்னாடியே வந்துட்டேன். ரஷ்யன் நெருங்கிட்டான். காத்திருந்தா எல்லாரும் செத்திருப்போம்."

"எல்லாரும்னா? யோஹென் அதுல சேர்த்தி இல்லையா?"

"நாளைக்கு வாயை மூடிட்டு முன்வரிசையில உக்காரு. அது போதும்."

அவர் மறுகரையிலிருந்தவர்களை ஒரே பிடியாக அள்ளி இக்கரையில் கொட்டினார். விளக்கு அணைந்தது.

குளிர். நொறுங்கல். இப்போது மிக அருகில். அவளுடைய தோளை உரசியபடி ஈரக் கம்பளி மேலங்கிகள் கடந்தன. ஒருவர். இன்னொருவர். ஒருவன் மட்டும் ஒரு கணம் நின்றான். பிறகு அவனும் நடந்தான்.

"எகோன்?"



விளக்கு எரிந்தது. நிலவறையில் அவள் மட்டுமே இருந்தாள். மூன்றாம் படைப்பிரிவு இக்கரையில், சொட்டச் சொட்ட, வரிசை கலையாமல் நின்றது. மறுகரையில், பாலத்தின் முனையில், அதுவரை மேசையில் இல்லாத ஓர் ஈய உருவம். தளபதியின் மேலங்கி. ஒரு கால் பாலத்தை நோக்கித் தூக்கியிருந்தது.

"ஓட்டிலி." கொசுவின் ஒலியளவே இருந்தது. "ஓட்டிலி, நான் இங்க இருக்கேன்!"

அவள் இரண்டு விரல்களால் பாலத்தைத் தூக்கி உருளைக்கிழங்குக் கூடையில் போட்டாள்.

அடுத்த வாரம் படைத்தோழர் சங்கத்தின் குழு கூடியது. ஜெனரல் காணாமற்போனதால் உரை அந்த ஞாயிறன்றே கைவிடப்பட்டிருந்தது. கல்லைக் கிடங்கில் வைக்கத் தீர்மானித்தார்கள். மேசையை ராணுவப் பள்ளிக்குக் கேட்டார்கள்; ஓட்டிலி மறுத்துவிட்டாள். அது இருந்த இடத்திலேயே இருக்கும், பாலம் திரும்ப வைக்கப்படாது என்பது அவளுடைய முடிவு. கிழங்கு எடுக்க அவள் நாள்தோறும் இறங்குகிறாள். அந்த உருவம் இப்போது கரையில் இல்லை; ஆற்றின் நடுவே, பனிக்கட்டிக்குள் மார்புவரை புதைந்து, வாயைத் திறந்தபடி நிற்கிறது.