கண்ணாடியை அணியவும்!

செவ்வாய் கிரகத்தில் உள்ள பொருநை நகரில் காலையில் கண் விழித்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, உயிருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையைக் கண் சிமிட்டி அணைப்பதுதான். காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லு நாள் முழுக்க எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். படியில் ஈரம், பார்த்து நட. ரசத்தில் உப்பு கூடுதல். வடக்குக் கதவில் காற்று கசியலாம். இரண்டு தடவை சிமிட்டினால் வாயை மூடிக்கொள்ளும். முழு எச்சரிக்கையையும் கேட்டவன் அந்த ஊரில் ஒருவன்கூடக் கிடையாது. நாமும் அப்படித்தானே, யாரைக் குறை சொல்ல?

நகரத்தை மூடியிருந்த கண்ணாடிக் கூரைக்கு வெளியே மூச்சுவிடக் காற்று இல்லை. அதனால் ஆளுக்கொரு மூச்சுக்கவசம் கொடுத்திருந்தார்கள். முகத்தில் பொருத்தி வாரை இறுக்கினால் நாற்பது நிமிடம் தாங்கும். வார் இறுகும்வரை அதன் கண்ணாடி மங்கலாகவே இருக்கும், ஒன்றும் தெரியாது. ஆனால் கவசம் முகத்தில் இருந்தால்தானே? இடுப்பில் தொங்கும், முழங்கையில் ஆடும், சிலர் அதில் முறுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டும் போவார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவள் பாதுகாப்பு அலுவலர் சொர்ணவடிவு. மணி ஒலித்துப் பத்து நொடிக்குள் எல்லோரும் கவசம் அணிய வேண்டும் என்பது பூமியின் விதி. இதுவரை நடந்த இரண்டு சோதனையிலும் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. மூன்றாவதிலும் தோற்றால் நகரத்தையே மூடிவிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஏ மாசானம், கவசத்த மாட்டிட்டுப் போனா என்ன?" என்று தண்ணீர் ஆலையில் வேலை செய்யும் மாசானமுத்துவை வழிமறிப்பாள்.

"பக்கத்துலதான யக்கா போறேன். இதப் போட்டா முடி கலைஞ்சிரும்லா."

"காத்து போச்சுன்னா முடிய வச்சிக்கிட்டு என்ன செய்வ?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். பக்கத்துலதான! இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே வடிவுக்கு ரத்தம் கொதிக்கும்.

அப்படியிருக்கையில்தான் பழைய சரக்குப் பெட்டி ஒன்றின் அடியிலிருந்து அந்தப் படம் கிடைத்தது. 'கை நீளும் பங்களா'. இருநூறு வருடத்துக்கு முன் யாரோ கையிலிருந்த காசுக்கு எடுத்த பேய்ப்படம். த்ரீ டி என்று விளம்பரம். ஆனால் முழுப் படத்துக்கும் கட்டுப்படியாகாமல் ஏழே ஏழு இடத்தில் மட்டும் த்ரீ டி வைத்திருந்தார்கள். அந்த இடம் வரும்போது 'டிங் டிங் டிங்' என்று மணி அடிக்கும். 'கண்ணாடியை அணியவும்!' என்று திரையில் சிவப்பு எழுத்து வரும். சிவப்பும் நீலமுமான கண்ணாடியை மாட்டிய கையோடு ரப்பர் கை ஒன்று திரையை விட்டு நீண்டு மூக்கைப் பிடிக்க வரும்.

கண்ணாடியை அணியவும். வடிவு அந்த எழுத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சிவப்புத் தாளையும் நீலத் தாளையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஒரே வாரத்தில் ஊரிலுள்ள அத்தனை கவசத்தின் உள்பக்கத்திலும் தாள் ஒட்டியாயிற்று. கவசத்தை இறுக்கினால்தான் பேய் தெரியும்.

சனிக்கிழமை படம் போட்டாள். முதல் மணிக்குச் சோம்பேறித்தனமாகத்தான் மாட்டினார்கள். கை நீண்டதும் அரங்கமே நாற்காலிக்கு அடியில் கிடந்தது. "யம்மா! ஏ, கைய எடுங்கவே!" என்று யாரோ அலறினார்கள். மண்டையோட்டைக் கட்டியிருந்த கயிறு பளிச்சென்று தெரிந்தது. "பேயி வாட்ச் கட்டிருக்குவே!" என்று மாசானமுத்து கத்தினான். கத்தியவனும் குனியத்தான் செய்தான். பொய் என்று தெரிந்தும் குனிந்தார்கள், குனிந்ததற்காகச் சிரித்தார்கள், அடுத்த மணிக்குத் தவம் கிடந்தார்கள்.

அதன்பின் வடிவு ஊர்ச் சுவர்களிலெல்லாம் நாளுக்கு ஒரு காட்சி விட்டாள். எந்த நேரம் என்று மட்டும் சொல்ல மாட்டாள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அடிக்கும், சலூனில் பாதிச் சவரத்தில் அடிக்கும். தவறவிட்டவனை ஊரே கேலி செய்தது. கவசத்திலிருந்த முறுக்கெல்லாம் பைக்கு மாறியது.

மூன்றாவது சோதனைக்கு நான்கு நாள் இருந்தது. மதியம், ஊரே சாப்பிடுகிற நேரம். புளியங்கொட்டை அளவு விண்கல் ஒன்று கூரையில் பொத்தல் போட்டது. 'காற்றழுத்தம் குறைகிறது, கவசம் அணிக' என்று எல்லோர் காதிலும் செவிச்சில்லு அலறியது. எல்லோரும் இரண்டு தடவை சிமிட்டினார்கள். சோறு இறங்கிக்கொண்டிருந்தது.

அழுத்தமானியின் முள் சரிவதை அலுவலகத்தில் வடிவு பார்த்தாள். அடுத்த அறையில் இருந்த படக்கருவியிடம் ஓடிப்போய் மணிப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

டிங் டிங் டிங்.

சோற்றுக் கையோடு மாட்டினார்கள். கைக்குழந்தைக்குத் தாய் மாட்டினாள். வடிவு சன்னல் வழியே பார்த்தாள். சிவப்புக் கண்ணும் நீலக் கண்ணுமாக ஊரே சுவரைப் பார்த்து நின்றது. மாட்டி முடிக்க ஒன்பது நொடி ஆனது.

"போட்டுட்டாவ! அம்புட்டு பேரும் போட்டுட்டாவ!" என்று குதித்தாள். அவள் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. தலை சுற்றியது. சந்தோஷத்தில் சுற்றுகிறது என்றுதான் நினைத்தாள். கால் துவண்டபோதும் அப்படித்தான் நினைத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மாசானமுத்து வந்தான், நல்ல கோபத்தில். "யக்கா, பெல் அடிச்சி எம்புட்டு நேரம் ஆவுது? செவுரு சும்மா கெடக்கு. பேயி எங்க?"

வடிவு தரையில் கிடந்தாள், உதடு நீலமாக. அவள் கவசம் அலுவலக அறையில், நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பாய்ந்து எடுத்து வந்து, அவள் முடியெல்லாம் கலைய வாரை இறுக்கினான்.

பழுது பார்க்கும் இயந்திரங்கள் பதினொரு நிமிடத்தில் பொத்தலை அடைத்தன. வடிவு கண் திறந்தபோது மாசானமுத்து பக்கத்தில் குந்தியிருந்தான்.

"ஊருக்கெல்லாம் சொன்னிய. நீங்க ஏன் யக்கா போடல?"

வடிவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "பக்கத்து ரூமுக்குத்தான போறோம்னு..."

அவன் சிரித்த சிரிப்பில் கவசக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. வடிவும் சிரித்துவிட்டாள்.

மாலைக்குள் புகார்கள் குவிந்தன. மணி அடித்துவிட்டுப் பேயைக் காட்டாமல் ஏமாற்றிவிட்டார்களாம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு புகார். ஒவ்வொன்றாகப் படித்து, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று வடிவு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரப்பர் கையை ஊர்ச் சுவர்களில் நீட்டிவிட்டாள். ஊர் அலறியது.

பூமிக்கு அறிக்கை போனது. 'உயிரிழப்பு இல்லை. ஒன்பது நொடியில் கவசம் அணிந்தோர் 1842. அணியாதவர் ஒருவர், பாதுகாப்பு அலுவலர். காரணம்: பக்கத்து அறைக்குத்தான் போனேன்.'

பூமியில் அதைப் படித்த அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். நிகழ்ந்ததையே மூன்றாவது சோதனையாக ஏற்று, நகரம் தொடரலாம் என்று முத்திரை குத்தினார். சிரிப்பு அடங்காமலே வீட்டுக்குக் கிளம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தலைக்கவசம் பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனவர், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வீடு அடுத்த தெருவில்தானே!