ஆறு ஞாயிறு, ஒரு மன்னிப்பு

“ஏங்க, இதென்ன தேங்காயா... தட்டிப் பாத்து வாங்கதுக்கு?”

வகுப்பே சிரித்தது. அனுசியாவுக்கு மட்டும் காது மடல்வரை கோபம் சுர்ரென்று ஏறியது.

நடந்தது இதுதான். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், ஒரு மாடியில், ஹில்டா டீச்சர் நடத்தும் மண்பாண்ட வகுப்பு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். அம்மா ஜெயபாய்தான் இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருந்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவள். குடமோ குத்துவிளக்கோ, விரல் முட்டியால் தட்டி நாதம் கேட்காவிட்டால் அவளுக்குக் கை நிற்காது. உள்ளே நுழைந்ததும் பலகையில் குடுவைகள் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். கை தானாகப் போயிற்று. டொக்! மோதிரம் பட்டுவிட்டது. சூளையையே பார்க்காத பச்சை மண்... விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து கீழே விழுந்தது.

குடுவைக்குச் சொந்தக்காரன்தான் தேங்காய்க் கேள்வி கேட்டவன். ஜெயகணேஷ். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வந்து கரை சேர்க்கும் டக் படகில் என்ஜினியர்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. எப்பேர்ப்பட்ட வாய்க்காரன் கடைக்கு வந்தாலும் இறங்காத முகம்! சரக்கு போட வரும் கம்பெனிக்காரனே, “நீங்க சொன்னதுதான் அக்கா” என்று கும்பிட்டுப் போவான். அந்த முகம் இவன் முன்னால், பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பிள்ளை மாதிரி...

அனுசியா பாய்ந்தாள். “ஏன் சார், உடைஞ்சது மண்ணு. நீங்க பேசுனது எங்கம்மாவ. ரெண்டும் ஒண்ணா உங்களுக்கு?”

“நான் சும்மா விளையாட்டுக்கு...”

“விளையாட உங்க வீட்டுல ஆள் இல்லையா? எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க!”

“குடுவை என்னோடது. உடைச்சது உங்கம்மா. மன்னிப்பு மட்டும் நான் கேக்கணுமா? நல்லாருக்கே நியாயம்!”

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மழைக்கு முந்தின கடல் மாதிரி கறுத்து, ஆழமாய்... இப்படி ஒரு அநியாயக்காரனுக்கு இப்படி இரண்டு கண்களா! கொடுத்த கடவுளிடமே போய்ச் சண்டை பிடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

வீட்டுக்குத் திரும்பும்போது, ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து ஜெயபாய் மெல்ல ஆரம்பித்தாள். “விடுளா... அடுத்த வாரம் நான் மட்டும் போயிக்கிடுதேன். உனக்குத்தான் எந்நேரமும் ஆபீஸ் வேலை.”

“தனியாப் போயி இன்னும் பேச்சு வாங்கவா? நானும் வாரேன். அவன் வாயில இருந்து மன்னிப்பு வராம இந்த வகுப்பு முடியாது!”

ஜெயபாய் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது ஞாயிறு. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு... ஜன்னலுக்கு வெளியே மழை, துறைமுகத்துக் கிரேன்களையெல்லாம் சாம்பல் நிறத் துணியால் மூடியிருந்தது. அனுசியாவின் சக்கரத்தில் மண் நாலாபக்கமும் சரிந்தது. பக்கத்துச் சக்கரத்திலிருந்து ஜெயகணேஷ் எட்டிப் பார்த்தான்.

“கோவத்துல அமுக்குனா அது ஓடிரும்ங்க... கைய லேசா வைங்க.”

“உங்ககிட்ட நான் கேட்டனா?”

“நீங்க கேக்கல. மண்ணு கேட்டுச்சு.”

சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து விழுங்கினாள். எதிரி சொன்னதற்குச் சிரிப்பதாவது!

நாலாவது ஞாயிறு அவன் வரவில்லை. அவள் கண் ஏழு தடவை வாசலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியது. மன்னிப்புக் கேட்காமலே லீவு போட என்ன நெஞ்சழுத்தம்! ஐந்தாவது ஞாயிறு வந்தான். வந்ததற்கும் கோபம் வந்தது.

ஆறாவது ஞாயிறு. வகுப்பு முடிந்து கை கழுவிவிட்டு வந்தவள், மாடிப்படியில் அம்மாவின் குரல் கேட்டு நின்றாள்.

“இன்னையோட முடிஞ்சிட்டு தம்பி. இனி அவகிட்ட சொல்லிரலாம்.”

“நான் உங்ககிட்ட மொத நாளே மன்னிப்புக் கேட்டாச்சே அம்மா. சொல்லாதன்னு தடுத்தது நீங்கதான?”

அனுசியா இரண்டிரண்டு படியாக இறங்கினாள். “எம்மா! என்ன நடக்குது இங்கன?”

ஜெயபாய் தடுமாறவில்லை. பேரம் படியும் இடத்தில் அவள் என்றைக்குமே தடுமாறியதில்லை.

“நீ அன்னைக்கு வண்டி எடுக்கப் போனேல்லா... அப்பவே இவுக வந்து கையக் கூப்பி மன்னிப்புக் கேட்டாவ.”

“அத ஏன் என்கிட்ட மறைச்ச?”

“தெரிஞ்சா நீ அடுத்த ஞாயிறு வந்திருப்பியா? ஒரே வீட்டுலதான் இருக்கோம்... கூப்பிட்டா ‘மீட்டிங்’ங்குத. சாப்பாட்டையும் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி முன்னாலதான் திங்குத. சண்ட போடவாவது எம் பக்கத்துல வந்து உக்காந்தியே ஏளா... எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்.”

அனுசியா அம்மாவின் நகக்கண்ணில் காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தாள். அந்தக் கையை ஒருமுறை இறுகப் பிடித்து விட்டாள்.

“நான் வண்டிகிட்ட நிக்கேன். பேசிட்டு வா...” குடையை விரித்துக்கொண்டு ஜெயபாய் மழைக்குள் இறங்கினாள்.

மிச்சக் கோபம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

“எங்கம்மாவுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. உங்களுக்கு என்ன வந்துச்சு? ஆறு வாரமா நான் திட்டுனதையெல்லாம் வாங்கிக்கிட்டு, ஊமை மாதிரி...”

ஜெயகணேஷ் படியையே பார்த்தான். கூரை விளிம்பிலிருந்து மழை நூல் நூலாய் இறங்கிக்கொண்டிருந்தது.

“உங்கம்மா காரணம்தாங்க எனக்கும். மன்னிப்புக் கேட்டாச்சுன்னு தெரிஞ்சா... அடுத்த ஞாயிறு நீங்க வரமாட்டீங்களே.”

அந்தக் கண்கள் மறுபடியும் நிமிர்ந்தன. அனுசியாவுக்கு மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு ஆத்திரமாய்த் திரும்பி வந்தது.

“இப்ப எனக்கு உங்கள... பிடிச்சுப் போச்சு! என்னைக் கேக்காம இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்களே, நியாயமா இது? இதுக்கு யாரு மன்னிப்புக் கேப்பா?”

“கேக்க மாட்டேன்” என்றான் அவன், முகமெல்லாம் சிரிப்பாக. “இதுக்கு மட்டும்... ஆயுசுக்கும் கேக்க மாட்டேன்.”