பஞ்சுவின் கழுத்தில் வந்த கட்டி

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும் என்று அம்மா சொல்வார். அன்று காலை இரண்டு காதும் தீயாக எரிந்தன.

காரணம் என் மாமா. எங்கள் குதிரை லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வெள்ளைக் குதிரை பஞ்சுவின் கழுத்தில் மரு போல ஒரு கட்டி வந்தது. போன மாதம் அதை வால்முடியால் இறுக்கிக் கட்டி, அறுந்து விழ வைத்தார். அதே இடத்தில் இப்போது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. மாமா கையில் மறுபடியும் வால்முடி!

"தொடாதீங்க மாமா!"

"வெறும் மரு தான்டி. போன தடவை சரியா இறுக்கலை. தள்ளு."

"தள்ள மாட்டேன்! டாக்டர் வரட்டும்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே குதிரைக்கு மரு எடுத்தவன் நான்!"

"எடுத்த லட்சணம்தான் தெரியுதே!"

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார். நான் பஞ்சுவின் முன்னால் கைகளை விரித்து நின்றேன். அம்மா என் காதைப் பார்த்தார். உடனே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்.

டாக்டரம்மா கட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இது சாதாரண மரு இல்லை. தோல்ல வர்ற ஒருவகைப் புற்றுநோய். மாட்டுக்கு மரு வரவைக்கிற வைரஸ் குதிரையோட தோலுக்குள்ள புகுந்தா இப்படி ஆகும். அரைகுறையா அறுத்தா முன்னைவிட வேகமா வளரும். யாரு அறுத்தது?"

மாமா கூரையைப் பார்த்தார்.

"பஞ்சு செத்துடுவாளா?" எனக்கு அழுகை முட்டியது.

"இப்பவாவது கூப்பிட்டீங்களே! வைத்தியம் பண்ணிடலாம். இன்னொரு தடவை அறுத்திருந்தா ரொம்பக் கஷ்டம்."

"டாக்டர், எனக்கு ஒட்டிக்குமா?" என்று மாமா மெல்லக் கேட்டார்.

பஞ்சு வலியில் நிற்கிறாள், இவருக்கு இவர் கவலை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மனுஷங்களுக்கு ஒட்டாது," என்றார் டாக்டரம்மா.

அதன்பிறகு நான் மாமாவுடன் பேசவே இல்லை. டாக்டரம்மா மருந்து போட்ட இடத்தில் ஈ உட்காராமல் அவர் பகலெல்லாம் விசிறிக்கொண்டு நின்றார். நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும்!

கட்டி மெல்லச் சுருங்கியது. ஒரு மத்தியானம் பஞ்சு மாமாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு வலிக்க வைத்தவரை இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டாளே! எனக்குப் பஞ்சுமேலும் கோபம் வந்தது.

விறுவிறுவென்று போய் மாமா கையிலிருந்த விசிறியைப் பிடுங்கினேன்.

"போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் விசிறறேன்."