நிறமே வேண்டாம் என்ற குளியலறை

பக்கத்து வீட்டில் குளியலறையை இடித்துக் கட்டுகிறார்கள் என்றால், போய்ப் பார்க்காமல் இருக்க நானென்ன சாமியாரா? கையில் காலி டம்ளரோடு, சர்க்கரை கேட்கிற சாக்கில் நுழைந்தேன்.

நீல டைல்ஸ், மீன் படம் போட்ட திரை, குளிக்கிற தொட்டி எல்லாம் போயிருந்தன. சுவர் வெளிர்சாம்பல், தரை அதைவிட ஒரு பிடி கூடுதல் சாம்பல். அழுக்குத் துணி அலசிய தண்ணீரின் நிறம். இதற்குப் பெயர் நவீனமாம்!

"நல்லா இருக்காக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தூங்கி எத்தனை நாளோ. "பழசு எதுவும் கண்ணுல படக் கூடாதுன்னுட்டார் எங்க வீட்டுக்காரர். அப்பதான் வீட்டுக்குத் திரும்பி வருவாராம். சாயங்காலம் பார்க்க வர்றார்."

அந்தத் தொட்டியில்தான் அவர்களுடைய மூன்று வயதுப் பெண் மூழ்கிப் போனாள். பெற்றவள் இரண்டே நிமிடம் வாசலில் பேசிக்கொண்டு நின்றாளாம். தெருவே அவளை ஏசித் தீர்த்தது.

அவள் பேசிக்கொண்டிருந்தது என்னோடு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டைல்ஸ் மேஸ்திரி ஒட்டியதையெல்லாம் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியாகக் கேட்டால் பிடித்துவிட்டது. டொக்கென்றால் உள்ளே காலி. தொட்டி இருந்த மூலையில், முட்டி உயரத்தில், ஒன்று மட்டும் டொக்கென்றது.

"மூணு வாட்டி பேத்து ஒட்டிட்டேம்மா. கலவை வழியுது. ஆனாலும் காலியாவே கேக்குது."

"இன்னும் ஒரே தடவைண்ணே. உங்க கால்ல விழுறேன்."

பெயர்த்தார். அப்பினார். தட்டினார்.

டொக்.

இரண்டாவது டொக் கேட்டபோது சுத்தியல் தரையில் கிடந்தது.

குழந்தை சோப்பு மணந்தது. மேஸ்திரி வெளியே பாய்ந்தார். அவருக்கு முன்னாலேயே நான் பாய்ந்திருந்தேன்.

அவள் மட்டும் வரவில்லை. உள்ளே தாழ் விழுந்தது.

தண்ணீர் கொட்டும் சத்தம்.

"பைப்பு லைனே இன்னும் குடுக்கலையே..." என்று முணுமுணுத்தார் மேஸ்திரி.

கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. கடைசியில் அவள் கணவர் வந்து தோளால் மோதித் திறந்தார்.

தரை உலர்ந்திருந்தது. அவள் கைகள் மட்டும் முழங்கை வரை ஈரம். மடியில் ஒரு துண்டைப் பொதிந்து வைத்திருந்தாள்.

"நான் வந்துட்டேன். இங்கேயே இருந்துடுறேன். எழுந்து வெளிய வா," என்று கெஞ்சினார் அவர்.

"சத்தம் போடாதீங்க, இப்பதான் கண்ணை மூடினா. இனிமே இவளை விட்டு எங்கேயும் போக மாட்டேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கூப்பிட்டாலும்தான்க்கா."

அவர் துண்டைப் பிடுங்கி உதறினார். ஒன்றுமில்லை. அழுதுகொண்டே அதைக் கீழே எறிந்தார்.

எறிந்த இடத்திலேயே துண்டு உப்பி எழுந்தது. மெல்லத் தணிந்தது. தூங்குகிற வயிறு போல, மறுபடியும் உப்பியது.