பதில் தட்டு

குழாய்மேல் போட்ட துணி காய்ந்திருந்தது.

நாள் கணக்காக விடாத மழை. சுவர்கள் ஊறிப்போய், டப்பாவிலிருந்த உப்புகூட நீராய்க் கசிந்துகொண்டிருந்த வீட்டில், சமையலறைப் பின்சுவரை ஒட்டி ஓடும் இரும்புக் குழாயின்மேல் காலையில் அவள் பிழிந்து போட்ட கைத்துணி மட்டும் சருகுபோல மொறமொறத்தது. குழாயைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது.

சுரங்கத்துக்குள் காற்றைக் கொண்டுபோன குழாய் அது. குழாய் முதலில் வந்தது, அதை ஒட்டித்தான் தொழிலாளர் வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள் என்று அவள் மாமனார் சொல்வார். தங்கம் கிடைத்த காலத்தில் பெரிய நகரங்களுக்கு முன்பே இங்கே மின்விளக்கு எரிந்ததாம். சங்கு ஊதினால் ஊரே எழும், சங்கு ஊதினால் ஊரே உறங்கும். பிறகு தங்கம் குறைந்தது. சுரங்கத்தை மூடினார்கள், நீர் இறைக்கும் இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து நிலத்துக்கு அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. சுவர்கள் பிளந்தன. எல்லாரும் காலி செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. இந்த வரிசையில் இன்னும் பூட்டாத வீடுகள் அவளுடையதும், சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்த்த அடுத்த வீட்டுப் பிட்டருடையதும்தான்.

"அம்மா, இந்த ஓட்டை அண்டாவ எந்த மகாராணிக்குச் சீர் கொண்டு போறே?" முன்னறையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மகள் கத்தினாள்.

"உன் மாமியாருக்குத்தான். வையி."

மகள் சிரித்தாள். இருட்டுவதற்குள் மருமகன் வண்டியோடு வந்துவிடுவான். நகரத்தில் மாடி வீடு. பேத்திக்குப் பக்கத்தில் கட்டில் போட்டிருக்கிறார்களாம். எத்தனையோ வருடமாக அழைத்து, மகள் இந்த முறைதான் அவளைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அப்போது குழாய் தட்டியது.

டங்.

ஒரே ஒரு தட்டு. ஓட்டில் மழை விழும் சத்தத்துக்கு அடியில், வெகு ஆழத்திலிருந்து. அவள் கையிலிருந்த துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, டங்.

சுரங்கக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட எவளுக்கும் அந்தச் சத்தம் தெரியும். உள்ளே பாறை சரிந்து வழி அடைபட்டால், மாட்டிக்கொண்டவர்கள் குழாயில் தட்டுவார்கள். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு. மேலே இருப்பவர் அதே அளவு திருப்பித் தட்ட வேண்டும். கேட்டுவிட்டோம், அங்கேயே இருங்கள், மூச்சை வீணாக்காதீர்கள், வருகிறோம் என்று அர்த்தம். பதில் தட்டியவர் அதன்பின் குழாயை விட்டு நகரக் கூடாது, கடைசி ஆள் வெளியே வரும்வரை. போய்ச் சேர வழியில்லை என்றால் பதில் தட்டவே கூடாது.

அவளுடைய சின்னவன் மாட்டிக்கொண்ட அன்று வழியில்லை. பாறைக்குப் பின்னால் நெருப்பு. யாரும் பதில் தட்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. இதே சமையலறையில் அவள் குழவிக் கல்லைத் தூக்கிக்கொண்டு குழாயிடம் பாய்ந்தபோது, பிட்டர்தான் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இறுக்கினார். "அக்கா, வேணாம். தட்டினா நம்பி உக்காந்துடுவாங்க. தட்டலேன்னா வேற வழி தேடுவானுங்க. ஒருத்தனாவது பிழைப்பான்." அவர் கண்ணீர் அவள் கைமேல் சொட்டியது. அவர் பிடி தளரவில்லை. தட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்று மட்டும் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

"என்னக்கா, ராஜ்ஜியத்த எங்கிட்ட ஒப்படைச்சிட்டுக் கிளம்பியாச்சா?" குடையை உதறியபடி பிட்டர் உள்ளே வந்தார். "இனி நான்தான் ராஜா. குடிமக்க ரெண்டு ஆடு. அதுல ஒண்ணு சொன்ன பேச்சு கேக்காது."

டங்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"அது என்ன மாமா சத்தம்?" என்றாள் மகள்.

"தண்ணி ஏறுதும்மா. குழாய்ல அடைஞ்ச காத்த முட்டுது." மகளைப் பார்த்துத்தான் சொன்னார். வெளியே, தூரத்தில், வண்டி சேற்றில் உறுமும் சத்தம். மகள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தள்ளிவிட அவரும் புறப்பட்டார். வாசலில் திரும்பி, "அக்கா," என்றார் மெல்ல. "நாலஞ்சு நாளா எனக்கும் கேக்குது. கை வெச்சிடாதீங்க."

"தம்பி, அது அவன்தானே?"

அவர் குடையை விரித்து மழைக்குள் இறங்கிப் போனார்.

வீடு காலியாக இருந்தது. சாமான் எடுத்த இடங்களில் சுவர் வெளுத்துத் தெரிந்தது. வெடிமருந்தும் ஈரக்கல்லும் கலந்த ஒரு வாடை, அவன் வேலை முடிந்து வரும்போது சட்டையில் வருமே அந்த வாடை, குழாயின் இணைப்புகளிலிருந்து மெல்லக் கசிந்து அறையை நிறைத்தது. இருட்டிக்கொண்டு வந்தது. இப்போது போனால் போனதுதான். அதன்பின் அவன் தட்டினால் கேட்க இந்த வீட்டில் ஆள் இருக்காது. அன்றைக்காவது கையைப் பிடிக்க ஒருவர் இருந்தார்.

டங்.

தயங்கித் தயங்கி. கதவைத் தட்டவே கூச்சப்படும் பிள்ளை மாதிரி.

அவள் மூட்டைக்குள் கைவிட்டாள். ஒரு தம்ளர் அகப்பட்டது. குழாயில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

எல்லாம் நின்றது. அழுது அழுது ஓய்ந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டதும் வருமே, அந்த மாதிரி ஒரு அமைதி. அவள் குழாயில் கன்னத்தை வைத்தாள். சுட்டது. எடுக்கவில்லை.

"கேட்டுச்சுடா. அம்மாதான்டா."

டங்.

அதை ஒட்டியே இன்னொன்று.

வேறு கை.

பிறகு இன்னொன்று. தரைக்கு அடியிலிருந்து. பிட்டர் வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து. பூட்டிய வீடு ஒவ்வொன்றிலிருந்தும். மாமனார் காலத்தில் மூடிய குழிகளிலிருந்து, அதற்கும் முன்னால் தோண்டியவர்கள் கல்லடுக்கி அடைத்த வழிகளிலிருந்து. பதில் கிடைக்காதவர்கள். அத்தனை பேரும். கல் மழைபோல. தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. காதைப் பொத்தினாள். பல்லுக்குள் அதிர்ந்தது.

நின்றது. ஒரே சமயத்தில்.

குழாய் சில்லென்று ஆனது. உள்ளே இருந்த சூடு எங்கோ வெளியேறிவிட்டதைப் போல.

வாசலில் ஏதோ நகர்ந்தது. மழைச் சத்தம் மாறியிருந்தது. வெறும் தரையில் விழும் சத்தம் இல்லை. துணிமேல் விழும் சத்தம். தோள்கள்மேல்.

அவள் கதவைத் திறந்தாள்.

சந்தின் இருபுறமும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும், சேற்றிலும், ஆண்கள் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து மேலே ஏற்றிவிடக் காத்திருப்பவர்கள் உட்காரும் விதம். முழங்கால்மேல் கைகளை வைத்து, தலை குனிந்து, அவசரமே இல்லாமல். பதில் தட்டு இருக்கச் சொன்னது, இருக்கிறார்கள். தலைமுதல் கால்வரை சாம்பல் நிறக் கல்தூசி. மழை அதைக் கழுவவில்லை.

சந்தின் கோடியில் மகளின் குடை தெரிந்தது. சேற்றில் வழுக்காமல் இருக்கக் கீழே பார்த்தபடி நடந்து வந்தாள். அவள் பார்வையில் அவர்கள் படவே இல்லை. அவள் கடக்கக் கடக்க, அவர்கள் மரியாதையாக முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

"அம்மா, வண்டி வந்துடுச்சு. வா, போலாம்."

போகலாம் என்ற சொல்லுக்கு அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. அவளைப் பார்த்தன. குழாயை விட்டு எழுந்து வந்துவிட்ட அவளை.

அவள் அவனைத் தேடினாள். முதல் வாசலில். அடுத்ததில். அதற்கடுத்ததில். எல்லா முகமும் ஒரே தூசி. எல்லாக் கண்ணும் அதே வெளுப்பு. ஒவ்வொருவனும் பெற்றவளைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்தான்.

அவர்களில் அவன் எவன் என்று அவளுக்குத் தெரியவில்லை.