மேலே பார்த்து நடக்கும் கங்காணி

சுலக்ஷனாவிடம் ஒரு கொப்பி இருந்தது. அதில் கணக்கும் இல்லை, கட்டுரையும் இல்லை. மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று மட்டும் எழுதி வைத்திருந்தாள்.

அவள் தரம் ஆறில் படித்தாள். நாடகத்தில் நடிப்பது என்றால் சோறு கூட வேண்டாம். ஆனால் தொலைக்காட்சியில் வரும் நடிகைகளை விட, பஸ்ஸில் வருகிறவர்களைத்தான் அவள் அதிகமாகக் கவனிப்பாள்.

கொப்பியில் பக்கத்துக்கு ஓர் ஆள். ஆளுக்கு மூன்று கேள்விகள். கையில் என்ன இருக்கிறது? கால் எங்கே வலிக்கிறது? கண் எதைத் தேடுகிறது?

மஸ்கெலியா பஸ் கண்டக்டரின் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: கையில் டிக்கெட் கட்டு. வலது முழங்காலில் வலி. கண் தேடுவது, டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடிக்கிறவரை.

அந்த வருடம் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு ஆசிரியர் யேசுரட்ணம் சேர் ஒரு நாடகம் எழுதினார். தேயிலை மலையில் ஒரு நாள் காலை வேலை எப்படித் தொடங்குகிறது என்பதுதான் கதை. கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்வை செய்யும் கங்காணி வேடத்துக்குப் பையன்கள் எல்லோரும் போட்டி போட்டார்கள். சேர் ஒவ்வொருவரையும் நடந்து காட்டச் சொன்னார். சுலக்ஷனா நான்கு அடிதான் நடந்தாள். வேடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அவள் நடந்தது சோலைமலைக் கங்காணியின் நடை. அவள் வசிக்கும் தேயிலைத் தோட்டத்தின் கங்காணி அவர். பாடசாலைக்குப் போகும் வழியில் தூரத்திலிருந்து அவரைப் பார்த்திருக்கிறாள். கழுத்தை நீட்டி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் நடப்பார். கீழே பார்க்காததால் செடியில் இடிப்பார், தண்ணீர் ஓடும் கானில் கால் இடறுவார்.

முதல் ஒத்திகையில் அவள் அப்படியே நடந்து, அப்படியே இடறினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “கொக்குக் கங்காணி வாறாரு, வழி விடுங்க” என்றான் கூட நடித்த லோஜன்.

மேளச் சத்தம் நின்றது. மேளம் அடித்துக்கொண்டிருந்தவன் தர்ஷன். சோலைமலைக் கங்காணியின் மகன். கை வலிக்கிறது என்று சேரிடம் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அடுத்த இரண்டு நாள் ஒத்திகைக்கும் அவன் வரவில்லை. கொழுந்து பறிக்கும் காட்சி முழுவதும் மேளத்தோடுதான் நடக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அவன் வராவிட்டால் நாடகத்தையே விட்டுவிட வேண்டியதுதான் என்று சேர் வருத்தத்தோடு சொன்னார்.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் சுலக்ஷனா அவனைப் பிடித்தாள்.

“கை வலி எப்பிடிடா இருக்கு?”

“கை நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப ஏன் வரல?”

“சிரிப்புக் காட்ட ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா? இப்ப என்னைய குட்டிக் கொக்குன்னு கூப்பிடுறானுங்க.”

கேலி செய்ய நினைக்கவில்லை, பார்த்ததைத்தான் செய்தேன் என்று அவள் சொன்னாள். தர்ஷன் நம்பவில்லை.

“எங்க அப்பா வீட்ல அப்பிடி நடக்குறதே இல்ல. தல குனிஞ்சுதான் நடப்பாரு,” என்றான். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

சுலக்ஷனா அன்று மாலை கொப்பியைத் திறந்தாள். சோலைமலைக் கங்காணி. கையில் கம்பு. இடது கால் பெருவிரலில் வலி, இடறி இடறி வந்தது. மூன்றாவது கேள்விக்கு நேரே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்ற சந்தோஷத்தில் அதை மறந்தே போனாள்.

நடையை மாற்றிக்கொள்ளலாம். அது சுலபம். ஆனால் மாற்றினாலும் குட்டிக் கொக்கு என்ற பெயர் போகாது. அவர் கண் எதைத் தேடுகிறது என்று சேர்ந்து பார்க்க, சனிக்கிழமை காலை மலைக்கு மேலேயுள்ள ரோட்டுக்கு வரும்படி தர்ஷனைக் கேட்டாள். அவன் முடியாது என்றான். ஆனால் சனிக்கிழமை அவளுக்கு முன்னாலேயே அங்கே நின்றான்.

கீழே பெண்கள் கூடையோடு காத்திருந்தார்கள். சுலக்ஷனாவின் அம்மாவும் அவர்களில் ஒருவர். யாரும் தேயிலைக்குள் இறங்கவில்லை. சோலைமலைக் கங்காணி மட்டும் தனியாக உள்ளே போனார். கழுத்து நீண்டது. முகம் மேலே போனது. ஒரு நிழல் மரத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கானில் இடறினார். அப்போதும் கீழே பார்க்கவில்லை.

ஐந்தாவது மரத்தடியில் அசையாமல் நின்றார். பிறகு சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, தூரத்தில் ஒரு செடியில் சிவப்புத் துணியைக் கட்டினார். பெண்களை மறுபக்கச் சரிவுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சுலக்ஷனா அந்த மரத்தை உற்றுப் பார்த்தாள். உயரமான கிளையில், கவிழ்த்த பானை போலக் கறுப்பாக ஒன்று தொங்கியது.

“குளவிக்கூடு,” என்றாள் மெதுவாக. போன வருடம் குளவி கொட்டி அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. ஒரு வாரம் கண் திறக்க முடியவில்லை.

 அப்பா அங்கிருந்து போன பிறகும் தர்ஷன் அந்தச் சிவப்புத் துணியையே பார்த்தான்.

“நீ வேணாம்னு சொன்னா வேற நடை நடந்துக்கிறேன்டா,” என்றாள் சுலக்ஷனா.

“அதே நடைதான் வேணும். ஆனா நீ பண்றது பிழை. நீ சும்மா கழுத்தத் தூக்குற. அப்பா மரத்தப் பாக்குறாரு.”

இதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கொப்பியில் உடனே எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேளம் வந்தது. சுலக்ஷனா மண்டபத்துக் கூரையில் இருந்த ஐந்து மரச்சட்டங்களையும் ஐந்து மரங்களாக நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது சட்டத்தில் கூடு. ஒத்திகையில் அவள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனபோது, சிரிக்க ஆரம்பித்த லோஜன், “அங்க என்ன இருக்கு?” என்று கேட்டான். தர்ஷனே அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கினான். அதன் பிறகு கொக்கு என்ற பேச்சு வரவில்லை.

விழா நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் தோட்டத்து அம்மாமார். கடைசி வரிசையில் சோலைமலைக் கங்காணி. சுலக்ஷனா பென்சிலால் வரைந்த மீசையோடு வந்தாள். சின்னப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அவள் ஒரு மரம் பார்த்தாள். இரண்டு மரம் பார்த்தாள். இடறினாள். ஐந்தாவதில் நின்றாள். கையை மெல்ல உயர்த்தினாள்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லா முகங்களும் மேலே போயின. ஒருவர் மடியில் இருந்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். சிரிப்புச் சத்தமே இல்லை.

தர்ஷன் மட்டும் மேலே பார்க்கவில்லை. அவன் கடைசி வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் மேளம் இரண்டு அடி தாமதமாகத்தான் விழுந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை.