கம்பத்தில் தொங்கிய கயிறு

அவர்கள் அந்தப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. நல்ல வெயில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. இந்த மாதிரி விஷயமெல்லாம் இருட்டில்தான் நடக்கும் என்று நினைத்துப் பகலில் நீங்கள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியவன் ஒரு பஸ் டிரைவர். வாரத்தில் ஆறு நாள் ஊராரை ஏற்றி இறக்கிவிட்டு, ஏழாம் நாளும் வண்டி ஓட்ட வைத்த மனைவி மேல் அவனுக்குக் கொஞ்சம் கடுப்பு. அடுத்து இறங்கியவள் அந்த மனைவி. சலவைக் கடை வைத்திருப்பவள். மூன்றாவதாக இறங்க வேண்டியது நாய்.

நாய் இறங்கவில்லை.

"மூட்டை, இறங்குடா."

மூட்டை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. பழுப்பு உடம்பு, தொங்கின காது. நடக்கப் பிடிக்காவிட்டால் நாலு காலையும் பரப்பிக்கொண்டு அப்படியே படுத்துவிடும். பிறகு ஆள்தான் தூக்க வேண்டும். அப்படி வந்த பெயர்தான் அது.

"இதுக்கு நடைப்பயிற்சியாம். எனக்குத்தான் சுமைகூலி குடுக்கணும்," என்று முனகிக்கொண்டே டிரைவர் அதைத் தூக்கிக் கீழே வைத்தான்.

நாய் அவர்களுடையது இல்லை. மாடி வீட்டுத் தையல்காரம்மாவுடையது. அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தையல் மிஷினும் இந்த நாயும்தான். முழங்கால் ஆபரேஷனுக்குப் போகும்போது, "என் உசிரை உன் கையில குடுத்துட்டுப் போறேன் தங்கச்சி," என்று சொல்லி ஒப்படைத்தாள். பத்து நாளாக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை போன். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். "மூட்டை சாப்பிட்டானா? தூங்கினானா? என்னைத் தேடறானா?" இவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவள் வீடு திரும்புகிறாள். பத்து நாளாக ஒரே அறையில் கிடந்து நாய் ஊதிப்போயிருந்தது.

"அக்கா வந்து பார்த்தா நாம நடக்கவே விடலைன்னு நினைப்பாங்கல்ல?" என்று சொல்லித்தான் மனைவி இந்தப் பயணத்துக்கு அவனைக் கிளப்பியிருந்தாள். நாய் வந்த நாளிலிருந்தே அவளுக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு வருமே, அந்தப் பதைப்பு.

வாசலில் காவலாளி மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"மொத்தம் மூணு ஏரி. ரெண்டாவது ஏரியைச் சுத்தி வர்ற பாதையில மட்டும்தான் நாய் போகலாம். மத்த ரெண்டுலயும் பறவைங்க முட்டை வெச்சிருக்கு. கயிறு இல்லாம விடக் கூடாது. ஆறு மணிக்கு கேட் சாத்திடுவேன். வழியில யாரு தொலைச்ச சாமான் கிடந்தாலும் பாதைக் கம்பத்துல மாட்டிட்டுப் போயிடுங்க. தொலைச்சவங்க வந்து எடுத்துக்குவாங்க. வேற யாரும் அதைத் தொடமாட்டாங்க. இங்க பழக்கம் அப்படி."

"பர்ஸ் கிடந்தாலுமா?" என்றான் டிரைவர்.

"பர்ஸ் கிடந்தா என்னைக் கூப்பிடுங்க," என்றான் காவலாளி, சிரிக்காமல்.

பாதை ஒரு குன்றின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கியது. இறக்கத்தின் அடியில் இரண்டாவது ஏரி. காற்றே இல்லை. தண்ணீர் தேய்த்து மடித்து வைத்த துணி மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. குன்றின் இந்தப் பக்கம் பிள்ளைகளும் பந்துகளும் கூச்சலுமாக இருந்த சத்தமெல்லாம், இறக்கத்தில் நாலு எட்டு வைத்ததும் நின்றுபோனது. கதவைச் சாத்தினது போல.

சுற்றுப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு மரக்கம்பம். அதன் ஆணிகளில் மூன்று சாமான்கள் தொங்கின. ஒற்றைக் கையுறை ஒன்று, வெயிலில் வெளுத்த ஒரு குழந்தையின் குல்லா, ஒரு பச்சை நாய்க்கயிறு.

அங்கே வந்ததும் மூட்டை படுத்துவிட்டது. டிரைவர் கயிற்றைப் பிடித்து இழுத்தான். டக்கென்று கயிற்றின் கொக்கி உடைந்து அவன் கையோடு வந்தது.

"போச்சு. இப்ப கயிறில்லாம எப்படிங்க போறது?"

"என் பெல்ட்டைக் கழட்டித் தரட்டா? அப்புறம் நான் பேன்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வரணும். பாக்கறவங்க என்னைத்தான் கட்டிப் போடுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கம்பத்திலிருந்த பச்சைக் கயிற்றை எடுத்தாள்.

"ஏம்மா, அந்தாளு சொன்னது காதுல விழலையா?"

"சுத்திட்டு இங்கதானே திரும்ப வரப்போறோம்? வந்ததும் மாட்டிடலாம். அரை மணி நேரத்துல யாரு தேடிட்டு வரப்போறாங்க?"

கயிறு ஈரமாக இருந்தது. ஒரு வாரமாக மழை இல்லை. பக்கத்தில் தொங்கிய குல்லா காய்ந்து மொடமொடவென்று இருந்தது. நாள் முழுக்க ஈரத்துணியில் கை வைத்துப் பிழைப்பவள், அதைக் கவனிக்காமல் இருப்பாளா? கவனித்தாள். ஆனால் நின்று யோசிக்கவில்லை.

அந்தக் கயிற்றின் கொக்கியை நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டினாள்.

மூட்டை எழுந்து நின்றது.

யாரும் தூக்கவில்லை. தானாகவே எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

"அட, ராசியான கயிறா இருக்கே!" என்றான் டிரைவர். "அக்காகிட்ட சொல்லி இதே மாதிரி ஒண்ணு வாங்கச் சொல்லு."

நாய் நடந்த விதம் மனைவிக்குப் பிடிக்கவில்லை. முன்னே ஓடவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. ஒரே சீராக, தலையை நிமிர்த்தி, பக்கவாட்டில் மேலே பார்த்தபடி நடந்தது. நம்மோடு பேசிக்கொண்டே வருகிறவர்களை நாம் பார்ப்போமே, அப்படி.

ஏரியின் பாதிச் சுற்று வந்தபோது குன்றிலிருந்து மேகம் இறங்கியது. முதலில் எதிர்க்கரை மறைந்தது. பிறகு தண்ணீர். பிறகு பாதையின் இரண்டு பக்கமும். வெயில் எங்கோ மேலே நின்றுவிட்டது. பாசி வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. நனைந்த கம்பளியை மூட்டை கட்டிப் பல நாள் மறந்துவிட்டால் வருமே, அந்தப் புழுக்க வாடை.

அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

நாயின் கழுத்திலிருந்து கயிறு மேல்நோக்கிப் போனது. விறைப்பாக, ஓர் ஆளின் இடுப்பு உயரத்துக்கு. அங்கே காற்றில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பிலிருந்து அவள் கை வரைக்கும் கயிறு தொளதொளவென்று தொங்கியது.

நடுவில் யாரோ பிடித்திருந்தார்கள்.

"என்னங்க," என்றாள். "கயிறைப் பாருங்க."

டிரைவர் பார்த்தான். அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் கேலி அப்போது வரவில்லை.

சொதக். சொதக்.

தண்ணீர் நிறைந்த செருப்போடு நடக்கிற சத்தம். நாய்க்குப் பக்கத்தில். நாயின் நடைக்குச் சரியாக.

"திரும்பிடலாம்மா," என்று கிசுகிசுத்தான்.

"முன்னாடி போனாலும் அவ்வளவு தூரம்தான்."

"அப்ப ஓடலாம்."

"நாய்?"

அப்போது அந்தக் குரல் கேட்டது. மிரட்டல் இல்லை, கோபம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டுத் தாமதமாக வந்த பிள்ளையைத் தாய் கேட்கிற குரல்.

"இவ்வளவு நேரம் எங்கடா போயிருந்த?"

மூட்டையின் வால் படபடவென்று ஆடியது.

கயிறு பாதையை விட்டுத் திரும்பியது. ஏரிப் பக்கம். நாய் சந்தோஷமாகச் சரிவில் இறங்கியது. மனைவி இரண்டு கையாலும் இழுத்தாள். அவள் பிடியிலிருந்த கயிறு இறுகியது, மடிப்பு மட்டும் இளகவில்லை. டிரைவர் அவளோடு சேர்ந்து இழுத்தான். ஐம்பது பேர் உட்கார்ந்த பஸ்ஸை வளைக்கிற கை அது. அந்தக் கையையும் அது இழுத்துக்கொண்டு போனது.

நாயின் முன்னங்கால் தண்ணீரில்.

பிறகு வயிறு.

"கொக்கியைக் கழட்டு!"

அவள் தண்ணீருக்குள் இறங்கிக் கொக்கியைத் தேடினாள். விரல்கள் மரத்துப்போயின. கொக்கி அழுந்திக் கிடந்தது, திறக்கவில்லை. நாளைக் காலையில் அக்கா கேட்கப்போகும் முதல் கேள்வி அவள் காதில் ஒலித்தது. கழுத்துப்பட்டையையே பிடித்து, நாயின் காதுகளை மடக்கி, தலை வழியாக உருவி விட்டாள்.

பட்டையும் கயிறும் அவள் கையை விட்டுப் போயின. தண்ணீரின் மேலே, இடுப்பு உயரத்தில், மேகத்துக்குள் போயின. ஒரு அலைகூட எழவில்லை.

நாயும் அவள் கையில் இல்லை.

"மூட்டை!"

இரண்டு மூன்று மூச்சு நேரம். அவ்வளவுதான். அதற்குள் வெள்ளை மூட்டத்தில் மூச்சிரைப்புக் கேட்டது, முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். டிரைவர் கையைத் துழாவினான். ஈர ரோமம் அகப்பட்டது. தொங்கின காது அகப்பட்டது. "இருக்கான், இருக்கான்," என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அவளும் ஓடினாள். எந்த வழியாக ஓடினார்கள் என்று இருவருக்கும் தெரியாது. வாசலுக்கு வந்தபோது அங்கே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

காவலாளி மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தான். "கயிறு எங்க?" என்றான்.

டிரைவர் நிற்காமல் வண்டியைப் பார்த்து நடந்தான். அவனும் மறுபடி கேட்கவில்லை.

அன்று வீட்டில் அவள் நாயைத் துவட்டினாள். ஈரத்தை உலர்த்துவதுதானே அவள் தொழில்? மூன்று துண்டு போட்டுத் துடைத்தாள். கடைக்குத் தூக்கிப்போய் உலர்த்தும் மிஷின்களின் சூட்டுக்கு நடுவே உட்கார வைத்தாள். அந்தச் சூட்டில் போர்வை இருபது நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

நாய் காயவில்லை.

"ரோமம் அடர்த்தி. விடியறதுக்குள்ள காஞ்சிடும்," என்றான் டிரைவர். அவள் தலையாட்டினாள். நாய் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தது.

காலையில் தையல்காரம்மா, நடப்பதற்குக் கொடுத்த இரும்புச் சட்டத்தை ஊன்றிக்கொண்டு நேராக இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கட்டிலில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடா என் தங்கம்! வந்து மேல ஏறு."

நாய் மரியாதையாகப் போய்க் கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அடேயப்பா, ஒரே தடவை சொன்னதும் ஏறிட்டானே. என்ன தங்கச்சி, என் பிள்ளைக்கு ஒழுக்கமெல்லாம் கத்துக்குடுத்துட்டீங்க போல?" என்று சிரித்தாள். தடவிக்கொண்டே, "குளிப்பாட்டினியா? ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கான்? கழுத்துப்பட்டை எங்க?"

"ஏரியில விழுந்துடுச்சுக்கா. நானே புதுசு வாங்கித் தந்துடறேன்."

"அது என் கையால தைச்சது. பேரும் போன் நம்பரும் பூவேலை போட்டிருந்தேன். சரி, போகட்டும் விடு. பட்டை போனா என்ன, பிள்ளை இருக்கானே."

சலவைக்கடைக்காரிக்குப் பத்து நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

தையல்காரம்மாவின் போன் அடித்தது. இரண்டு கையும் நாய் மேல் இருந்ததால், "எடுத்து ஸ்பீக்கர்ல போடு தங்கச்சி," என்றாள்.

"ஹலோ, உங்க நாய் எங்கிட்ட இருக்குங்க," என்றது ஒரு பெண் குரல். "பட்டையில இந்த நம்பர் இருந்துச்சு."

டிரைவர் வாசலில் நின்றவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"பட்டை மட்டும்தாங்க தொலைஞ்சுது," என்று தையல்காரம்மா சிரித்தாள். "நாய் இதோ என் பக்கத்துல உக்காந்திருக்கான்."

போனில் எங்கோ தூரத்தில் ஒரு குரைப்பு. சோம்பேறித்தனமான, பாதியிலேயே நின்றுபோன குரைப்பு.

தையல்காரம்மாவின் சிரிப்பு நின்றது. எட்டு வருஷம் கேட்ட குரைப்பு அது.

"இல்லீங்க," என்றது அந்தக் குரல், மெதுவாக, அன்பாக. "உங்க பிள்ளை இங்கதான் இருக்கான். ராத்திரி முழுக்க உங்களைத் தேடி அழுதான். வந்து கூட்டிட்டுப் போங்க. வரும்போது என்னோடதைக் கொண்டுவாங்க."

கட்டிலில் இருந்தது காதை நிமிர்த்தியது. வாலை ஆட்டிக்கொண்டு கீழே குதித்து, கதவருகே போய் நின்று, திரும்பி மூவரையும் பார்த்தது.

அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம் விரிப்பில் பரவிக்கொண்டே போனது. தையல்காரம்மாவின் கைகள், தடவிக்கொண்டிருந்த உயரத்திலேயே, காற்றில் நின்றன.

"தங்கச்சி," என்றாள். "யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"